சௌரிராஜன் வீட்டு மூங்கில்

சௌரிராஜன் அண்ணன் தம் வயிற்றைத் தவிர வாழ்நாளில் எதையும் வளர்த்தவரில்லை. இதைச் சொன்னது நானில்லை, அவர் மனைவி வசுந்தரா அக்கா. மதுரை காளவாசலுக்குப் பக்கத்தில் அவர்கள் கட்டிய மாடி வீட்டில் கீழ்ப்பகுதியை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மேலே நடக்கும் சண்டையெல்லாம் எனக்குக் கேட்கும். ஆனால் சௌராஷ்டிர மொழியில் நடப்பதால் ஒன்றும் புரியாது. மறுநாள் அக்காவே அதைத் தமிழில் சொல்லிவிடுவார்.

அண்ணனுக்குப் பம்பு செட் கடையில் விற்பனை வேலை. நல்ல பருமன். முருங்கைக் கீரைக்கும் அகத்திக் கீரைக்கும் வித்தியாசம் தெரியாதவர். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு செடியின் மேல் உயிரையே வைத்திருந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

2005இல் அவர்கள் அந்த வீட்டுக்குக் குடி வந்தபோது, கூட வேலை பார்க்கும் சேக் இஸ்மாயில் கொண்டுவந்து கொடுத்தது அது. லக்கி பேம்பூ என்கிற அதிர்ஷ்ட மூங்கில். கண்ணாடிக் கிண்ணம் நிறையக் கூழாங்கல், நடுவில் அரையடி உயரத்தில் மூன்று பச்சைத் தண்டு, உச்சியில் கொஞ்சம் இலை.

"வெயில்ல வைக்காதீங்கண்ணே. போர்த் தண்ணி ஊத்தாதீங்க, அந்த உப்பு இதுக்கு ஆகாது. வேற ஒண்ணும் கேக்காது" என்றார் இஸ்மாயில்.

அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார் அண்ணன். காலையில் காபி குடிப்பதற்கு முன் அதற்குத் தண்ணீர் மாற்றியாக வேண்டும். பழைய வேட்டித் துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைப்பார். அதுவும் சமையலறையில் மூடி வைத்திருக்கும் குடிதண்ணீர்தான் ஊற்றுவார். "நல்ல தண்ணி வர்றதே ஒருநாள் விட்டு ஒருநாள். அதுல பாதி உங்க செடிக்கா?" என்று அக்கா கத்துவார். அந்தச் சண்டை மட்டும் எனக்கு மொழி தெரியாமலே புரியும்.

அடுத்த வருஷம் மே மாதம் அண்ணனுக்கு நெஞ்சுவலி. பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் துணி எடுத்துப் போக அக்கா வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்வதற்கென்று அவருடைய பெரியக்கா ஸ்ரீலட்சுமியும் கூட வந்தார். நானும் அங்கே இருந்ததால் அந்த அம்மாள் தமிழிலேயே பேசினார்.

"என்ன வசு இது, மூங்கிலக் கொண்டாந்து நடுவீட்டுல வச்சிருக்க? மூங்கிலு எதுக்கு வாங்குவாங்க, பாடை கட்டத்தான?"

இதுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல். அவரைப் படியில் உருட்டி விட்டிருந்தால் எனக்குப் பாவமே சேர்ந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. நண்பர் ஆசையாகக் கொடுத்ததைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. கிண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொண்டைக் குழாயை எடுத்த பிறகு அண்ணன் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். பெண்டாட்டியிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாரா? இல்லை. "செடிக்குத் தண்ணி மாத்துனியா, வசு?" என்றுதான் கேட்டார்.

"மாத்துனேங்க" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் நான் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனபோது அக்கா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மதுரை மே மாத வெயில் சும்மா விடுமா? கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இலையெல்லாம் கருகியிருந்தது. ஒரு தண்டு மஞ்சளாகிச் சுருங்கிவிட்டது.

"வீட்டுக்குள்ள இருந்தா அவரு போயிருவாருன்னு பயந்தேன். இப்ப இது செத்துப்போனா அவரு போயிருவாரோன்னு பயமா இருக்கு. நான் என்னத்தச் செய்வேன்?"

சிரிக்க வேண்டிய பேச்சுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

இஸ்மாயிலுக்குப் போன் போட்டேன். மஞ்சளான தண்டை உடனே பிடுங்கச் சொன்னார், விட்டால் மற்றதும் அழுகிவிடுமாம். கருகிய இலையைக் கத்தரித்தோம், கூழாங்கல்லைக் கழுவினோம், கிண்ணத்தை மறுபடி டிவி பக்கத்தில் வைத்தோம். அக்கா ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் காலையில் தண்ணீர் மாற்றுவது என் வேலை ஆனது. அண்ணன் தினமும் கேட்டார். "மாத்துனேங்க" என்று இப்போது அக்காவால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.

ஒருநாள் காலையில் தண்டின் கணுவில் அரிசி முனையளவு பச்சை தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னேன். "நெசமாவா?" என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கே போன உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, நேரே டிவி பக்கம் பார்த்தார்.

"ஒண்ணு எங்க?"

அக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஸ்ரீலட்சுமி சொன்னது, மொட்டைமாடி, பொய் சொன்னது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டார். நான் நழுவப் பார்த்தேன். அண்ணன் என்னை உட்காரச் சொன்னார், எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே பேசினார்.

"இந்தப் பாடைக் கதைய எங்க கடையில அன்னைக்கே சொல்லிட்டானுக."

"தெரிஞ்சுமா வச்சிருந்தீங்க?"

"அரையடிக் குச்சி வசு இது. என் ஒடம்பப் பாரு. இதுல என்னைய எப்பிடித் தூக்குவாக? இது அம்புட்டு ஒசரம் வளர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது, போ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தையல் வலிக்கத் தலையணையை இறுக்கிக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீக" என்று அவரே கெஞ்சினார். அக்காவும் அழுதபடியே சிரித்தார். நாள்கணக்காக எங்கள் நெஞ்சில் கிடந்த பாரம் அந்த ஒரு சிரிப்பில் இறங்கிவிட்டது.

அண்ணன் அதைச் சொன்ன கையோடு மறந்துவிட்டார். அக்கா மறக்கவில்லை. அன்றிலிருந்து செடி அவர் பொறுப்பு. குடிதண்ணீரை அவரே ஊற்றினார், ஒரு முணுமுணுப்பும் இல்லை. குருத்து ஒரு அடியை எட்டியதும் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். "பாவம், வளர விடேன்" என்பார் அண்ணன். அக்காவுக்குக் காது கேட்காது. வெட்டிய துண்டெல்லாம் வேர்விட்டுத் தெருவில் பாதி வீட்டு டிவி பக்கத்தில் நின்றது. அண்ணன் மறுபடி வேலைக்குப் போனார்.

சமயநல்லூருக்கு நான் வீடு மாறியபோது எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார் அக்கா.

"ஒரு அடிக்கு மேல போச்சுன்னா வெட்டிரு. வெட்டுனாத்தான் நல்லாத் தழையும்" என்றார், ஏதோ தோட்டக்கலை படித்தவர் மாதிரி. நான் எதற்கென்று கேட்கவில்லை. அண்ணன் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் சமயநல்லூரில் என் வீட்டுச் செடியையும் ஒரு அடிக்கு மேல் நான் வளர விடுவதில்லை.