நேர்ந்த சேவலுக்கு ஒரு ஹீட்டர்

கனடாவின் மனிடோபாவில் குளிர்காலம் வந்தால் காரையும் கரண்டில் மாட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் கிளம்பாது. எங்கள் வீட்டு வெளிச்சுவரில் இருப்பதோ ஒரே ஒரு பிளக். அதிலிருந்துதான் கொல்லையில் இருக்கும் கோழிக்கூட்டு ஹீட்டருக்கும் வயர் போகிறது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் பிரேக்கர் விழுந்து கரண்ட் போய்விடும். அதனால் போன தை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் காரா, சேவலா என்றுதான் சண்டை. பெரும்பாலும் சேவல்தான் ஜெயித்தது. நான் பக்கத்து வீட்டு கென்னின் வண்டியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சேவலுக்கு இத்தனை மரியாதை எதற்கு என்றால், அது சுடலைமாடனுக்கு நேர்ந்த சேவல். மகள் இசக்கியம்மாள் காய்ச்சல் கண்டு இங்கே ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, "கையால வளத்த சேவல் தாரேன், பிள்ளையக் குடுத்துரு" என்று என் மனைவி செல்வி நேர்ந்துவிட்டாள். பிள்ளை பிழைத்தாள். ஆனால் சேவல் எப்படி விமானம் ஏறும்? எங்கள் ஊர் களக்காட்டில் இருக்கும் தம்பி முருகன், கோயிலில் சாமியாடும் மாமாவிடம் கேட்டுச் சொன்னான். "சித்திரைக் கோயில் கொடைக்கு இங்கன ஒரு சேவல் வாங்கி அதுக்குப் பதிலா வெட்டிக்கிடலாம்ணே. ஆனா அதுவரைக்கும் உங்க சேவல் உசுரோட இருக்கணும். மேலுல ஒரு குறை இருக்கக் கூடாது."

அன்றிலிருந்து எங்களுக்குத் தூக்கம் போயிற்று. ஐப்பசி மழையில் களக்காட்டில் குஞ்சுகளுக்குச் செய்வதையே இங்கேயும் செய்தோம். கூட்டில் ஓர் ஓட்டை விடாமல் சாக்கைத் திணித்து அடைத்து, உள்ளே ஹீட்டரை வைத்தோம். கென் எட்டிப் பார்த்துவிட்டு, கூரை அடியில் இருந்த துவாரத்தைக் காட்டி, "ஓப்பன்! ஓப்பன்!" என்று கத்தினார். வெளியே மைனஸ் முப்பது. "திறக்கணுமாமே, மனுசனுக்குக் கிறுக்கா?" என்றாள் செல்வி. நான் பல்லைக் காட்டி "தேங்க்யூ" சொல்லி அனுப்பிவைத்தேன். உள்ளே சுவரெல்லாம் நீர் வடிந்தது. வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம், மடையர்கள்.

ஒருநாள் காலை கென் ஊரில் இல்லை. எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. அரை மணி நேரந்தானே என்று காரையும் சேர்த்து மாட்டினேன். கார் கிளம்பிவிட்டது. அதற்குள் பிரேக்கர் விழுந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து கூட்டைத் திறந்தால், ஈரம் முழுக்க உறைந்து வெள்ளையாய்ப் படிந்து கிடந்தது. சேவல் உயிரோடுதான் நின்றது. ஆனால் நாலே நாளில் கொண்டை நுனி கரிக்கட்டையாகக் கருத்துவிட்டது. வெளியேற வழியில்லாத ஈரந்தான் அதைக் கொல்லப் பார்த்தது என்று திரும்பி வந்த கென் தலையில் அடித்துக்கொண்டார். செல்வி மகளை மடியில் இழுத்து வைத்து, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"ஊருல சொல்லிராதீய," என்றாள் மூன்றாம் நாள். சொல்லவில்லை.

சித்திரை வந்தது. அங்கே நள்ளிரவுச் சாமக்கொடை, இங்கே பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே இன்னும் பனி. முருகன் வீடியோவில் வந்தான். மேளச் சத்தத்தில் எங்கள் சமையலறையே அதிர்ந்தது. மகள் சேவலைக் கக்கத்தில் இடுக்கி நின்றாள். அதன் தலையில் செல்வி துண்டைப் போட்டு மூடியிருந்தாள். அங்கே வாங்கிய செஞ்சேவல் மேல் மாமா மஞ்சத்தண்ணீர் தெளித்தார். தலையைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு, அதன் பிறகுதான் வெட்டு. சிலுப்பவில்லை. இரண்டாம் தரமும் தெளித்தார். சேவல் கல்லாய் நின்றது. மேளம் நின்றுபோயிற்று.

"அண்ணே, அங்கன ஏதும் குறை உண்டா?" முருகன் கேட்டான்.

செல்வி என் கையைக் கிள்ளினாள். நான் மகளைப் பார்த்தேன். இதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"கொண்டை கருகிட்டுலே. என் தப்புதான். மறைச்சிட்டோம்."

மாமா போனை வாங்கினார். "துண்டை எடு தாயி," என்றார் மகளிடம். எடுத்தாள். கருகிய கொண்டையை வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளை நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா மாமா."

"பொறவு என்னத்துக்குவே பயந்து சாவுதீரு?" என்றவர், கையில் இருந்த மஞ்சத்தண்ணீரை எங்களைப் பார்த்து வீசினார். திரை மங்கலாயிற்று. மகளின் கக்கத்தில் எங்கள் சேவல் தலையைச் சிலுப்பியது.

அங்கே பெண்கள் குலவை போட்டார்கள். செல்வியும் அழுதுகொண்டே குலவை போட்டாள். இந்த நாட்டுக்கு வந்து அவள் குலவை போட்டு நான் கேட்டதே இல்லை.

"இத வெட்டுவாங்களாப்பா?" என்று மகள் சேவலை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இல்லம்மா. அங்கன உள்ளதத்தான்."

"அந்தச் சேவல் தலைய ஆட்டவே இல்லையே?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மேளம் மறுபடி எழும்பி, மேசைக்கு அடியிலிருந்து வருவது போல் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் சேவல் அதைக் காது கொடுத்துக் கேட்டபடி, மகளின் ஸ்வெட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.