நங்கை இளைத்த வருஷம்

விடிந்தும் விடியாத நேரம். இடுப்பில் வெறுங்கூடையை இடுக்கிக்கொண்டு, வாசல் படலை ஓசைப்படாமல் ஒதுக்கி, நங்கை வெளியே போகிறாள். சோளக்காட்டு வரப்பில் அவள் அசைந்து அசைந்து போவதையும், பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவதையும் நான் பாயில் படுத்தபடியே பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அவளை நினைத்தாலும் முதலில் வந்து நிற்பது அந்த முதுகுதான். எங்கள் ஊரில் ஒரு பெண் காரியமில்லாமல் நடக்கக் கூடாது. தண்ணீருக்குப் போகலாம், காட்டுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். நடப்பதற்காகவே நடக்கிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? அதற்காகத்தான் அந்தக் கூடை. கேட்டவர்களிடமெல்லாம் “கீரை புடுங்கப் போறனுங்க” என்று சொல்லுவாள். சொன்ன சொல்லுக்காக, திரும்பும்போது பண்ணைக்கீரையோ தொய்யக்கீரையோ ஒரு பிடி பறித்துக்கொண்டு வருவாள்.

நங்கை என்பது அவள் பெயரல்ல. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் அழைப்போம். எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நைனாமலையைப் பார்த்த மாதிரி இருந்தது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன் கல் ஏற்றும் வண்டிகளோடு அங்கே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நங்கையும், கல்யாணம் ஆகாத தங்கச்சி நானும் இருந்தோம். நங்கை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒடிசலாக இருந்தவள். இரண்டு பிரசவம், இரண்டு குழந்தையும் தங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் உடம்பு தேற வேண்டும் என்று நெய்யும் ஆட்டுக்கறியும் கோழிச்சாறும் கொடுத்தோம். குழந்தை போன துக்கத்துக்கு எங்களுக்குத் தெரிந்த மருந்து சோறு போடுவதுதான். அவளும் மறுக்காமல் சாப்பிட்டாள். உடம்பு ஊதிக்கொண்டே போயிற்று. கிணற்று மேட்டில் ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஒருமுறை அண்ணன் ஊருக்கு வந்திருந்தபோது, “நானும் மேட்டூருக்கு வாரனுங்க” என்று அவள் கேட்டாள். அண்ணன் சிரித்தார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. “அங்க ஊடு பாறை மேல இருக்குது புள்ள. அத்தன படி உன்னால ஏற முடியுமா? பாதியில உழுந்தா ஆரு தூக்கறது?” என்றார். அவரோடு நானும் சிரித்தேன். நங்கை அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அந்த ஆடியில் மூச்சுத் திணறல் அதிகமாகி, சேலத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். உடம்பில் சேர்ந்த கொழுப்பு இருதயத்தை அழுத்துகிறது, கறியும் நெய்யும் நிறுத்த வேண்டும், காய்கறியும் கீரையுமாகச் சாப்பிட வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார். “எறங்குமாங்க? இந்த ஒடம்பு எறங்குமாங்க?” என்று நங்கை திரும்பத் திரும்பக் கேட்டாள். உயிருக்குப் பயந்து கேட்கிறாள் என்று அம்மா நினைத்தாள். அவள் கேட்டது பாறை மேல் இருந்த வீட்டுக்காக என்று எனக்குத்தான் தெரியும்.

புரட்டாசி பிறந்ததும் ஆரம்பித்தாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் யாரும் கவுச்சி தொடமாட்டோம். அதனால் அவள் விட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. தீபாவளிக்கு ஆடு அறுத்தபோதுதான் தெரிந்தது. கறியைச் சமைத்ததும் அவள், பரிமாறியதும் அவள். எல்லோரும் உண்டபின் தன் வட்டிலில் கொஞ்சம் களியும் கொள்ளுப்பருப்பும் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கறி வாசனை அடிக்காத இடம் வீட்டில் அது ஒன்றுதான். “கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொன்னாங்க, அதுக்காவ இப்படியா?” என்று அம்மா முணுமுணுத்தாள். விருந்துக்குப் போன இடங்களில் கறி வேண்டாம் என்றால் வீட்டுக்காரர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சாப்பாட்டில் சேராதவளைப் பேச்சிலும் சேர்க்கமாட்டார்கள் என்பதை அப்போதுதான் பார்த்தேன். கொஞ்ச நாளில் அவளே விருந்துகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

அதுவரை வேலைக்காரி இடித்த கம்பை இப்போது தானே இடித்தாள். கிணற்றிலிருந்து தண்ணீரும் தானே சேந்தினாள். நடந்து நடந்து தொடைகள் உரசிப் புண்ணாகி, ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. மாசி பங்குனியில் வளையல்கள் முழங்கை வரை ஓடின. ஒருநாள் மெட்டி கழன்று காட்டில் விழுந்துவிட, பதறிப்போய் மண்ணைக் கிளறித் தேடி எடுத்து, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

இப்போது நான் சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகளைப் பார்க்க வருகிறவர்கள், “இளைச்சுட்டியே!” என்றால் அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்றைக்கு அந்தச் சொல் துக்கம் விசாரிப்பதைப் போல இருந்தது. சதை வைத்த உடம்புதான் சோறுள்ள வீட்டின் அடையாளம். இளைத்தால் ஒன்று வீட்டில் பட்டினி, இல்லாவிட்டால் நோய். நங்கைக்குச் சயரோகம் என்று ஊரில் பேச்சுக் கிளம்பிற்று. பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தையை அவள் மடியிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். மோர் கேட்டால் தனிக் குவளையில் கொடுத்தார்கள். நான் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிச் சண்டைக்குப் போனேன். “உடு அம்மிணி. ஒடம்பு எறங்குதுல்ல, அது போதும்” என்றாள் நங்கை.

அடுத்த புரட்டாசிச் சனிக்கிழமை கூட்டத்தோடு கூட்டமாக நைனாமலை உச்சி வரை ஏறிவிட்டாள். இறங்கி வந்து, “இனி மேட்டூருக்குப் போலாம், நீயும் வா” என்றாள். ஒரு வருஷமாக ஊர்ப்பக்கமே வராத அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவர் ஆச்சரியப்பட வேண்டும் என்ற ஆசை. புரட்டாசி கழிந்ததும், தான் தொடாத கறியை உப்புப் போட்டுக் காயவைத்து, அவருக்குப் பிடித்த உப்புக்கண்டம் ஒரு சட்டி நிறையக் கட்டிக்கொண்டாள்.

மேட்டூரில் வெடிச் சத்தமும் கல்தூசியுமாக இருந்தது. விசாரித்துக்கொண்டு போனோம். பாறையில் வெட்டிய படிகள் செங்குத்தாகப் போயின. நான் பாதியில் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. மேலே தகரக் கூரை வீட்டின் கதவை அவள் தட்டியபோது நான் இன்னும் சில படிகள் கீழே இருந்தேன். அண்ணன்தான் திறந்தார். எதிரே நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆருங்க வேணும்?” என்றார்.

பின்னால் வந்த என்னைப் பார்த்ததும்தான் அவருக்கு விளங்கியது. “அட, நீயா? என்ன புள்ள இப்படி ஆயிட்ட! ஒடம்புக்கு என்ன?”

“ஒன்னுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறன்.”

உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அதற்கு அண்ணனுடைய நெற்றி, அண்ணனுடைய காது. யார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. “சொல்லியிருந்தா நானே வந்திருப்பன்ல” என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். நங்கை சட்டியை வாசற்படியில் வைத்தாள். குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நாங்க வாரமுங்க” என்று சொல்லித் திரும்பினாள்.

பாதிப் படி இறங்கிய பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. “அத்தன படியும் ஏறுனன். ஒரு எடத்துல கூட நிக்கல. நீ பாத்தியா அம்மிணி?” என்றாள்.

“பாத்தனுங்க நங்கையா” என்றேன்.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். மறுநாள் மத்தியானம் அம்மா தானே கோழி அடித்துக் குழம்பு வைத்து, ஒரு வட்டிலில் சோற்றைப் பிசைந்து, மாட்டுக்கொட்டகைக்கே எடுத்துக்கொண்டு போனாள். “இனி ஆருக்காவ சாமி இந்தப் பட்டினி? ஒரு வாய் தின்னு” என்றாள். மருமகளை அம்மா சாமி என்று அழைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நங்கை அந்த வட்டிலை இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டாள். “வேண்டாங்கத்தை. இப்பத்தான் மூச்சு நல்லா வருது” என்றாள்.

அம்மா எழுந்து போகவில்லை. ஆறிக்கொண்டிருந்த கோழிச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, நங்கையின் வட்டிலிலிருந்து ஒரு துண்டு களியைக் கிள்ளி, கொள்ளுப்பருப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் மாடுகளைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.