எங்கள் ஊதாத் தாள்

பெரம்பலூர்–அரியலூர் சாலையில் என் பிள்ளைகளைப் போல வாசிக்கிறவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை என்று, வாத்தியாரம்மாவான முதல் வருஷம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் ஓர் இடத்திலும் தடுமாறாமல் ஒரு பக்கத்தைக் கடகடவென்று முடித்தாள். புத்தகம் கையில் தலைகீழாக இருந்தது.

"அடுத்த வருஷமும் வருவேன். அப்பவும் இதே மனப்பாடந்தான்னா, வேற ஆளைப் போடச் சொல்லி எழுதிடுவேம்மா" என்றார்.

எனக்கு இருபது வயது. அந்த வேலை போனால் செத்துவிடுவேன் போலிருந்தது. பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். அதே புத்தகத்தை அக்காவும் அண்ணனும் வீட்டில் கத்திக் கத்திப் படித்து, இவர்களுக்குக் காதாலேயே பாடம் ஏறியிருந்தது. யாருக்கும் தெரியாத பாடம் தினம் ஒன்று வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன்?

அரியலூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என் அண்ணன் சிரித்தான். "ஒரு நோட்டீஸை முப்பது நோட்டீஸா நாங்க ஆக்கறோம்ல? அது மாதிரி நீயும் அடிச்சுக்க."

தச்சர்கள் ஒட்டப் பயன்படுத்தும் வச்சிரத்தைக் கிளிசரினும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி, தகரத் தட்டில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினால் எழுத்து அதில் இறங்கிவிடும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தால் எல்லாவற்றிலும் அதே எழுத்து. உலகச் சண்டைக் காலம்; பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸே அடுப்புக்கரியில் ஓடியபோது காகிதம் ஏது? பழைய நோட்டீஸ்களின் பின்பக்கம்தான்.

முதல் நாளே ஒருவன் அல்வா என்று நினைத்து ஒரு மூலையைத் தோண்டித் தின்றுவிட்டான். நாக்கு ஊதாவாகிவிட்டது. வச்சிரம் தோலைக் காய்ச்சிச் செய்வது என்று நான் சொன்னதும் அழ ஆரம்பித்தான். அன்று வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கர்களான அவர்கள் வீட்டில் கவிச்சி ஆகாத நாள். "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா டீச்சர்?" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தாளில் ஊர்ச் செய்திதான் எழுதினேன். மேலத்தெருச் செவலைப் பசு கன்று போட்டது. பள்ளிக்கூடக் கிணற்றில் ஆமை கிடக்கிறது. டீச்சர் குடையைத் தொலைத்துவிட்டார். யார் வீட்டுச் செய்தி வந்திருக்கிறது என்று பார்க்க, மணி அடிக்கும் முன்பே வந்து நின்றார்கள். தன் வீட்டு ஆட்டைப் போடவில்லை என்று என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவளும் உண்டு.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் இன்ஸ்பெக்டர் வந்தார். வந்தவர் நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் புத்தகத்தை நன்றாகவே வாசித்தார்கள். அவர் நம்பவில்லை. ஊதாத் தாளைக் காட்டினேன். "இதையும் நீங்க சொல்லிக் குடுத்திருக்கலாம்" என்றார். பிறகு தட்டைப் பார்த்தார். "பேனாவைக் குடுங்க. யாருக்கும் தெரியாததை நானே எழுதறேன்."

கொஞ்ச நேரம் யோசித்து நாலு வரி எழுதினார். நான் படிக்கக்கூடாது என்று கவிழ்த்தே கொடுத்தார். ஒற்றி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். போன வருஷத்துப் பெண்ணையே எழுப்பினார்.

"இன்று... கரி பஸ்... ஏற்றத்தில்... நின்றுவிட்டது. எல்லோரும்... இறங்கித்... தள்ளினோம்."

அவள் ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பக்கத்திலிருந்தவளும் சிரித்தாள். கொல்லென்று வகுப்பே சிரித்தது. சிலர் எட்டி நாற்காலிக்குப் பின்னால் பார்த்தார்கள். நான் குனிந்து தாளைப் பார்த்தேன். 'பஸ் கிளம்பியது. நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்' என்று இருந்தது.

தொலைந்தது வேலை என்று பிரம்பைத் தூக்கினேன். "வாயை மூடுங்க எல்லாரும்!"

இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார். "விடுங்கம்மா. அந்தப் பொண்ணு இன்னும் அந்த வரிக்கே வரலியே. நான் சேத்துல விழுந்தது இதுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் பிரம்பைக் கீழே வைத்தேன். நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "படிச்சோங்க ஐயா."