கங்காணி பேரில் மூன்று பெண்பிள்ளைகள்

லீலாதேவி சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார். சற்று முன் அச்சுப்படியின் ஓரத்தில் அவரே கையால் எழுதிய வரி. செவனம்மா, அங்கம்மா, பேச்சாயி. எழுத்துத் தெரியாதபடி மேலே இன்னொரு கோடு இழுத்தார்.

பதுளைக் கன்னியர் மடப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் சரித்திரம் படிப்பித்தவர். கல்யாணம் செய்யவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு ஆரம்ப காலத்தை எழுதச் சொன்னார்கள்.

அப்போது ஒரே வளவில் இரண்டு பள்ளிகள் இருந்தன. மேலே, கட்டணம் கட்டிப் படிக்கும் இங்கிலீஷ் பள்ளி. கீழே வேலியோரம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசத் தமிழ்ப் பள்ளி. மேல் பள்ளியின் பதிவேட்டில் தகப்பன் பெயர், தொழில், ஞானஸ்நானத் திகதி எல்லாம் பதிந்திருந்தார்கள். கீழே, தோட்டத்துக் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதுபோல, வேலைக்காரர்களின் தலைவனான கங்காணியின் பெயரை மட்டும் எழுதினார்கள். "கருப்பண்ணன் கங்காணி: பெண்பிள்ளைகள் 3."

அந்த மூவரின் பெயர்களைச் சொன்னவர் பரிமளம். அதே பள்ளியைக் கூட்டிப் பெருக்கியவர். பேச்சாயி அவருடைய அப்பாவின் மூத்த அக்கா.

"அத்தைக்கு எழுதத் தெரியும் டீச்சர். லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் ஊருக்குப் போடுற கடுதாசி அதுதான் எழுதும்னு அப்பா சொல்லும்."

"பதிவில இல்லையே, பரிமளம்."

"அதான் நான் சொல்றேனே."

பதிவில் இல்லாததைச் சரித்திரம் என்று எழுதக்கூடாது. மாணவிகளுக்கு அவர் அப்படித்தான் சொல்லி வந்தார்.

வியாழக்கிழமை மலர் வெளியானது. விழா முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போனபோது, பரிமளம் கடைசி வாங்கில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். லீலாதேவி பக்கத்தில் போய் நின்றார்.

"மொத மொத வந்த மதர்மாருங்க அப்புத்தளையில ரயில விட்டு எறங்கி, கொட்டுற மழையில மாட்டு வண்டியில வந்தாங்கன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"மழை எந்தப் பதிவுல இருந்துச்சு டீச்சர்?"

லீலாதேவி குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. படிக்கையில நமக்கே குளிருது." பரிமளம் சிரித்துக்கொண்டே மலரைப் பைக்குள் வைத்தார். "கணக்குக்கு மூணுன்னாவது போட்டிருக்கலாம். அதயும் காணோம்."

தேநீர் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு லீலாதேவி அச்சகத்துக்குப் போனார். ஒரு துண்டுச் சீட்டு அடித்து மலருக்குள் வைக்க முடியுமா என்று கேட்டார். முந்நூறு பிரதி வெளியே போய்விட்டதென்றும் மிச்சம் நூற்றுச் சொச்சத்துக்கு வைக்கலாமென்றும் உரிமையாளர் ஸப்வான் சொன்னார். என்ன அடிக்க வேண்டும் என்று கேட்டார். மூன்று பெயர்கள் என்றார் லீலாதேவி. இரண்டுதான் நினைவுக்கு வந்தன. தான் எழுதி அடித்த அச்சுப்படியைக் கேட்டார். பழைய படிகளையெல்லாம் மலர்க் கட்டுகளைச் சுற்ற எடுத்துவிட்டார்களாம். பரிமளத்துக்கு நான்கு தடவை போன் எடுத்தார். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்மாவுக்குப் பன்னிரண்டு மணிக்கு அச்சகத்தைச் சாத்தினார்கள். லீலாதேவி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சோறு வைத்தார்.