காலர் கட்டாயம்

போன வருஷம், மல்லாட்டை பிடுங்கும் சமயம். நிலக்கடலையைத்தான் எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் அப்படிச் சொல்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் கோல்ஃப் என்று பேர். பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. டிபன் தட்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதை எறிந்து எறிந்து, தூரத்தில் நிற்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தட்டு அதில் மோதினால் ‘ஜல்’ என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே ஆடலாம். கம்மியான எறியில் யார் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தவர். மலையைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு வெளிநாட்டுத் தம்பதி தங்கள் தோப்பில் இந்தக் கூடைகளை நட்டு வைத்திருந்தார்கள். தோழி ஒருத்தியோடு வேடிக்கை பார்க்கப் போன நான், ஒரு தட்டை எறிந்து பார்த்தேன். அது மாமரத்துக்கு மேலே எழும்பி, வளைந்து, கூடைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தது.

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் பிளக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் வட்டு எறிந்தவள். மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகி, டவுசர் போட்டுத்தான் எறிய வேண்டும் என்று சொன்னதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். “பெரிய பொண்ணு டவுசர் போட்டுக்கினு ஊரு முன்னாடி நிக்கறதா?” அவ்வளவுதான், ஒரே கேள்வியில் என் வட்டு மூலைக்குப் போனது. கல்யாணமாகி, வேங்கிக்காலில் குடியேறி, பிள்ளைகள் வளர்ந்து, மறந்தே போயிருந்தேன். அந்தச் சங்கிலிச் சத்தம் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

அதன்பின் ஞாயிறு தவறாமல் தோப்புதான். என் வீட்டுக்காரர், “கழுவ வேண்டிய தட்டு சிங்க்ல கெடக்குது, இவ வேற தட்ட எறியப் போறா” என்று கேலி செய்வார். செய்யட்டும். அங்கேயே ஒரு போட்டி வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. பெண்கள் பிரிவில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்குப் பெங்களூருவில் பெரிய போட்டியில் ஆட இடம். எனக்குத் தூக்கம் போயே போய்விட்டது.

வாட்ஸ்அப்பில் விதிகள் வந்தன. அதில் ஒன்று: “அனைவருக்கும் காலர் கட்டாயம். காலர் இல்லாதவர்கள் ஆட அனுமதி இல்லை.”

சிரிக்காதீர்கள். எனக்கு அதைப் படித்ததும் காலர் ட்யூன்தான் ஞாபகம் வந்தது. காலர் என்றால் கூப்பிடுகிறவர். தம்போலா ஆட்டத்தில் ஒருவர் நின்று நம்பர் கூப்பிடுவாரே, அதுபோல நாம் எத்தனை எறி எறிந்தோம் என்று சத்தமாகச் சொல்ல ஆளுக்கு ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். “எனக்கு காலர் ரெடி” என்று பதிலும் போட்டேன். அந்தப் பக்கமிருந்து கட்டைவிரல் வந்தது.

காலருக்கு நான் அலையவே வேண்டியதில்லை. கீழ்பென்னாத்தூரில் என் நாத்தனார் இருக்கிறாள். அவள் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தால், புறப்பட்டுப் போன பஸ் நிற்கும். “எனக்கு இன்னா அண்ணி வேல அங்க?” என்றாள். “கத்தணும்” என்றேன். சந்தோஷமாக வந்தாள்.

நான் அன்றைக்கென்றே வாங்கிய புது டி-ஷர்ட் போட்டிருந்தேன். வட்டக் கழுத்து, நெஞ்சில் சமிக்கி வைத்த மயில். பேர் கொடுக்கும் மேஜைக்குப் போனதும், சென்னையிலிருந்து போட்டியை நடத்த வந்திருந்த தம்பி என் மயிலையே பார்த்தார்.

“மேடம், காலர்?”

“தோ, இருக்காங்களே” என்று நாத்தனாரைக் காட்டினேன். அவளும் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

அவருக்குப் புரிய சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பை அடக்கத் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு தன் சட்டைக் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். “இந்தக் காலர் மேடம்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரித்து மழுப்பி, இந்த ஒரு தடவை விடுங்கள் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். “வீடியோல்லாம் எடுத்துப் போடறோம் மேடம். பீச்ல சும்மா தட்டு வீசற கூட்டம்னுதான் நம்மள நினைக்கறாங்க. பிளேயர்ஸ் இமேஜ் முக்கியம். உங்களுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்.” ஆட வந்திருந்த மற்ற பெண்களிடம் கேட்டேன். ஆளுக்கு ஒரே சட்டையோடுதான் வந்திருந்தார்கள். டவுனுக்குப் போய்க் கடை திறக்கவைத்து வாங்கி வர நேரமில்லை. முதல் கோஷ்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள், எனக்கு அடுத்தது.

மாமரத்தடியில் போய் நின்றேன். அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு டவுசர், இன்றைக்குக் காலர். துணியைச் சொல்லிச் சொல்லியே என்னை வெளியே நிறுத்துகிறார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நாத்தனார் என் பக்கத்தில் இல்லை. வேலி ஓரம் போயிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லை. பெண்கள் வரிசையாகக் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கும் சுணைக்கும் தாங்குவதற்காக, எங்கள் ஊரில் கொல்லை வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்களே, அப்படி அத்தனை பேரும் சட்டை போட்டிருந்தார்கள். அத்தனை சட்டையிலும் காலர்!

“அக்கா! ஓ ஊதா சட்டக்கா! உங்க சட்டயக் கொஞ்சம் குடுக்கறீங்களா?” நாத்தனார் போட்ட கூப்பாட்டில் கொல்லையே நிமிர்ந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு ஓடினேன்.

அந்தக் கட்டம் போட்ட ஊதாச் சட்டைக்காரப் பெண் வேலியருகே வந்து விஷயத்தைக் கேட்டாள். கேட்கும்போதே பட்டனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். “இதுக்கா அயுவுற? எங்க ஊட்டுக்காரரு சட்டதான். வேர்வ நாறும், பரவால்லியா?”

“வெயில்ல நீங்க இன்னா பண்ணுவீங்க?” என்றேன்.

“நீ போய் ஆடும்மா மொதல்ல.”

மயிலுக்கு மேல் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு மேஜைக்கு ஓடினேன். முழங்கை வரை செம்மண், ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். தம்பி தயங்கினார். என் நாத்தனார் விடுவாளா? “தம்பி, நீங்க கேட்டது காலரு. இப்ப கூப்புடற காலரும் இருக்குது, கழுத்துக் காலரும் இருக்குது. இன்னும் இன்னா ஓணும்?” அவர் விதியை மறுபடி படித்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு என் பேருக்கு நேரே டிக் அடித்தார்.

அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. கையைச் சுழற்றும்போதெல்லாம் சட்டைப் பையில் ஏதோ கலகலத்தது. தொட்டுப் பார்த்தால் பச்சை மல்லாட்டை! ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கூடைக்கு நடந்தேன். மரத்தில் மோதி ஒரு தட்டு முள்ளுக்குள் போனது. சளைக்கவில்லை. கூடை வேலிப் பக்கம் வரும்போதெல்லாம் கொல்லையிலிருந்து, “நம்ம சட்ட வந்துட்ச்சு டோய்!” என்று ஒரே கூச்சல்.

கடைசிக் கூடை வேலியோரம். இரண்டாம் இடத்துக்கு நானும் ஒரு கல்லூரிப் பெண்ணும் சமமாக வந்து நின்றோம். அவளுடைய தட்டு சங்கிலியில் பட்டுக் கீழே விழுந்துவிட்டது, அவளுக்கு இன்னும் ஓர் எறி வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து கூடை நல்ல தூரம். போட்டால் பெங்களூரு. நாத்தனார்கூட வாயை மூடிக்கொண்டாள். முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு எறிந்தேன்.

‘ஜல்!’

அதற்கப்புறம் நாத்தனாரும் கொல்லையும் சேர்ந்து போட்ட சத்தம் அடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனந்தத்தில் நான் குதித்த குதியில் பையிலிருந்த மல்லாட்டையெல்லாம் சிதறிப் போனது. பதக்கம் போட்டுப் படம் எடுத்தபோது மயிலைக் காட்டலாம், சட்டையைக் கழற்றுங்கள் என்று யாரோ சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன்.

சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேலிக்குப் போனேன். உச்சி வெயில். அந்தப் பெண்ணின் இரண்டு கையும் சிவந்து, சுணை பட்டுத் தடித்திருந்தது. துவைத்துத் தருகிறேன் என்றதற்கு, “நாளைக்கும் இதத்தான் போடணும், குடு” என்று வாங்கி மாட்டிக்கொண்டாள். பதக்கத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். “சட்டயோட படம் புடிச்சாங்களா?” என்று கேட்டாள். “புடிச்சாங்க” என்றதும் அப்படி ஒரு சிரிப்பு. பேர் கேட்பதற்குள் மேஸ்திரி கூப்பிட, போய்க் குனிந்துகொண்டாள்.

பெங்களூருக்கும் போய் வந்தேன், காலர் வைத்த சொந்தச் சட்டையில். அங்கே பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஆனால் அந்த மாந்தோப்புப் படம் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு யாராவது, “அப்புறம் என்ன, காலரைத் தூக்கி விட்டுக்க வேண்டியதுதானே?” என்று சொல்லும்போது மட்டும் எனக்குக் கை எழுவதில்லை, அந்தக் காலர் என்னுடையது இல்லை, ஒருத்தி வெயிலில் கை வெந்து எனக்குக் கொடுத்த இரவல்.