காயாத நீல அங்கி

எங்கள் தெருவின் சிறு சிலுவைக் கோயிலான குருசடியின் திருவிழாவுக்கு அப்பா, அம்மா, சித்தி, தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கடலுக்குப் போயிருந்த அண்ணன் மட்டும் இல்லை. கரையில் நின்று மீனவர்களை அழைக்கும் இயேசுவின் பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றைக் கைப்பேசியில் பார்த்து நகலெடுத்திருந்தேன். குருசடிச் சுவரில் மாட்டியிருந்த அதுதான் என் முதல் எண்ணெய் ஓவியம். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். "ஊரு மெச்சட்டும், பொறவு படம் வரையப் படிக்கப் போலாம்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஒரு மாதமாகியும் வண்ணம் ஈரமாகவே இருந்தது. கடற்காற்றுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபம் முடிந்ததும் வழக்கப்படி ஒவ்வொருவராக இயேசுவின் அங்கியைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். முதலில் தொட்ட அப்பா திரும்பினார்; நெற்றியெல்லாம் நீலம். அடுத்துத் தொட்ட சித்தி, விரலைப் பட்டுச் சேலையில் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து அலறினார்:

"ஏலே, சாயத்துல என்ன எண்ணெய கலக்குன?"

"தேங்கெண்ணெ."

"தேங்கெண்ணெ என்னைக்குலே காஞ்சிருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் படத்தைக் கழற்றப் போனேன். "வெலகு மக்கா, எங்களுக்கும் வேணும்" என்று பக்கத்து வீட்டு அக்கா உள்ளங்கையை அழுத்தி எடுத்துத் தன் குழந்தையின் நெற்றியில் வைத்தார். வரிசை கலையவே இல்லை. மாலைக்குள் பாதி அங்கியைக் காணோம்.

படம் கெட்டதா, நன்றாக வந்ததா, எனக்கு இன்றும் விளங்கவில்லை. மறுநாள் அப்பா சித்திக்குப் புதுச் சேலையும் எனக்கு ஓவியக் கல்லூரி விண்ணப்பமும் வாங்கி வந்தார். இரண்டும் சேர்த்து நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.