சரசு அக்கா பார்த்த மீன்கொத்தி

கோலா சாவா தோட்டத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் ஓரம் சரசு அக்காவோடு நிற்கிறேன். அவருடைய கணவர் முனியாண்டி அண்ணன் எங்கள் பறவை பார்க்கும் குழுவில் இருந்தவர். ஏழு வருடம் வாட்ஸ்அப்பில் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. போன மாதம் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அவர் படமெடுத்த இடத்தைப் பார்க்க ஈப்போவிலிருந்து வந்திருக்கிறேன்.

"ஞாயித்துக்கெழமன்னா மோட்டார எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாரு. குருவி பாக்கப் போறேம்பாரு. நான் நம்புனதே இல்ல தம்பி. எவ்வளவு சண்ட போட்டுருக்கேன் லா," என்கிறார் அக்கா.

"இங்கதான்க்கா இருந்தாரு."

கைபேசியில் அண்ணன் அனுப்பிய படங்களைக் காட்டுகிறேன். எல்லாவற்றிலும் இதே வாய்க்கால், இதே மரப்பாலம். அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார்.

அப்போது எதிர்க்கரையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காருகிறது. என் தொலைநோக்கியை அவரிடம் நீட்டுகிறேன். மூச்சுவிடாமல் பார்க்கிறார்.

"என்னா நீலம்," என்கிறார் மெதுவாக. "ஒருநாளு என்னையும் வான்னு கூப்பிட்டாரு. கோவத்துல நாந்தான் வரல."

மீன்கொத்தி பறந்துவிடுகிறது.

"திரும்ப வருமா தம்பி?"

"கொஞ்சம் காத்திருந்தா வரும்க்கா."

அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் உட்காருகிறார்.